வெள்ளைப் பந்து குழிக்குள் விழுந்தால் யாருக்குப் புள்ளி?

(பில்லியர்ட்ஸ் பற்றிய சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். சென்னையில் ஒரு கிளப்பில் மார்க்கராக (புள்ளி எண்ணி, மேசையையும் பார்த்துக்கொள்பவராக) வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கீழக்கரையில் வசிக்கும் பெரியவர் பதில் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், 'மார்க்கர்' என்று போட்டால் போதும் என்பது அவர் விருப்பம்.)

ஐயா, நண்பர்களோடு இராமநாதபுரத்தில் ஒரு ஹாலுக்குப் போயிருந்தேன். நான் அடித்த வெள்ளைப் பந்து சிவப்பில் பட்டுவிட்டுத் தானும் குழிக்குள் விழுந்தது. நண்பன் "ஃபவுல்" என்றான். ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் "நல்ல அடி, மூன்று புள்ளி" என்றார். யார் சொன்னது சரி?
– கல்லூரி மாணவர், தொண்டி

தம்பி, இருவர் சொன்னதும் சரிதான். நண்பர் ஸ்னூக்கர் விதியைச் சொன்னார்; பெரியவர் பில்லியர்ட்ஸ் விதியைச் சொன்னார். 12 அடி நீளம், 6 அடி அகலம், ஆறு குழிகள் என்று மேசை இரண்டுக்கும் ஒன்றேதான். வாசலில் பெயர்ப்பலகை பில்லியர்ட்ஸ் என்று சொல்லும். உள்ளே போனால் பெரும்பாலும் ஸ்னூக்கரோ பூலோ நடந்துகொண்டிருக்கும். எனவே கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, கையில் எடுக்கும் முன் "எந்த ஆட்டம்?" என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பில்லியர்ட்ஸுக்கு மூன்றே பந்துகள். வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் எதிராளிக்கு, சிவப்பு பொது. ஆட்டம் முடியும்வரை அவரவர் பந்தை மட்டுமே கியூவால் அடிக்கலாம். முன்பெல்லாம் மஞ்சள் கிடையாது. இரண்டுமே வெள்ளைதான், ஒன்றில் மட்டும் கறுப்புப் பொட்டு இருக்கும். பொட்டு அடியில் போய் மறைந்துகொண்டால் எது யாருடைய பந்து என்று மார்க்கர்தான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சளைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் முதுகெலும்புக்குப் புண்ணியம் செய்தவர்கள்.

இனி புள்ளிக் கணக்கு. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டுவிட்டால் அது கேனன், 2 புள்ளி. சிவப்பைக் குழியில் தள்ளினால் 3, எதிராளியின் பந்தைத் தள்ளினால் 2. அடுத்தது உங்களுக்கு நடந்தது: உங்கள் பந்து இன்னொன்றில் பட்டுவிட்டுத் தானே குழிக்குள் போவது. இதற்கு இன்-ஆஃப் என்று பெயர். சிவப்பில் பட்டுப் போனால் 3, எதிராளியின் பந்தில் பட்டுப் போனால் 2. ஒரே அடியில் இவை சேர்ந்தும் வரும். முதலில் சிவப்பைத் தொட்டு, பிறகு எதிராளியின் பந்தையும் தொட்டு, மூன்று பந்துகளும் குழிக்குள் இறங்கிவிட்டால் கேனனுக்கு 2, சிவப்புக்கு 3, எதிராளியின் பந்துக்கு 2, இன்-ஆஃபுக்கு 3, மொத்தம் 10. ஓர் அடியில் அதற்கு மேல் எடுக்க வழியில்லை. அப்படி ஓர் அடி விழுந்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அடித்தவர் மட்டும், திட்டம் போட்டுத்தான் அடித்தேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

புள்ளி எடுக்கிறவரை முறை உங்களுடையதே. சிவப்பு விழுந்தால் உடனே எடுத்து மேல்முனையில் அதற்கென்று குறித்த இடத்தில் வைத்துவிடுவார்கள். எதிராளியின் பந்து விழுந்தால் குழியிலேயே கிடக்கும். அவர் முறை வந்த பிறகுதான் வெளியே வரும். புதியவர்கள் ஏமாறுகிற இடம் இது. 2 புள்ளிக்கு ஆசைப்பட்டு எதிராளியின் பந்தை உள்ளே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு மேசையில் மிஞ்சியிருப்பது சிவப்பு ஒன்றுதான். கேனன் என்ற கடையையே இழுத்து மூடியாயிற்று. சில்லறைக்காக முதலை விடாதீர்கள் என்று எத்தனை பெரிய மனிதர்களுக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது! மார்க்கர் வாய் திறக்கக் கூடாது என்பதால் சொன்னதில்லை.

இன்-ஆஃப் ஆன பந்து உங்கள் கைக்கே திரும்பி வரும். மேசையின் கீழ்முனையிலிருந்து 29 அங்குலத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதை ஒட்டி உள்பக்கமாக ஓர் அரைவட்டம் இருக்கும். 'டி' என்பார்கள். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் பந்தை வைத்து அடிக்கலாம். ஆனால் கோட்டுக்கு உள்ளே, அதாவது கீழ்முனைப் பக்கம், கிடக்கும் பந்தை நேராக அடிக்கக் கூடாது. உங்கள் பந்து கோட்டைத் தாண்டிப் போய், குஷனில் (மேசை விளிம்பின் ரப்பர் ஓரத்தில்) மோதித் திரும்பி வந்துதான் அதைத் தொட வேண்டும். கோட்டின் மேலேயே நிற்கிற பந்தும் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. தேர்ந்த ஆட்டக்காரருக்கு இந்த விதி ஓர் ஆயுதம். எதிராளியின் பந்து கையில் இருக்கிற நேரம் பார்த்து, சிவப்பையும் தன் பந்தையும் கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். எதிராளி கியூ நுனியில் சாக் கட்டியைத் தேய்த்துக்கொண்டே நிற்பார். சாக் தீருமே தவிர வழி தெரியாது.

எந்தப் பந்தையும் தொடாமல் போனால் ஃபவுல், எதிராளிக்கு 2 புள்ளி. ஆட்டம் முன்பே பேசிக்கொண்ட புள்ளியில் முடியும், அல்லது பேசிக்கொண்ட நேரத்தில் முடியும். கேனனாகவே தொடர்ந்து 75-க்கு மேல் அடிக்கக் கூடாது, குழி அடிகள் (பந்து குழியில் விழுகிற அடிகள்) தொடர்ந்து 15-க்கு மேல் கூடாது என்று வரம்புகளும் உண்டு. உங்களுக்கும் எனக்கும் அவற்றால் எந்தத் தொல்லையும் வராது. 1907-இல் இங்கிலாந்தில் டாம் ரீஸ் என்பவர் இரண்டு பந்துகளைக் குழியின் வாயில் நிறுத்திக்கொண்டு, அவை நகராதபடி கேனன் கேனனாகத் தட்டி, ஒரே முறையில் 4,99,135 புள்ளிகள் சேர்த்தார். வாரக்கணக்கில் நடந்தது அந்த ஒரு முறை. பிறகு அந்த உத்தியையே தடை செய்தார்கள். அந்த ஆட்டத்துக்கு எண்ணிக்கை சொன்ன மார்க்கரை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பூல், ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் மூன்றும் ஒன்றுதானே? சுருக்கமாகச் சொல்லவும்.
– வாசகி, தேவிபட்டினம்

ஒன்றல்ல அம்மா. பில்லியர்ட்ஸை மேலே சொல்லிவிட்டேன். ஸ்னூக்கரில் 22 பந்துகள்: 15 சிவப்பு, ஆறு நிறப் பந்துகள், ஒரு வெள்ளை. வெள்ளையை இருவருமே அடிப்பார்கள். ஒரு சிவப்பு, பிறகு ஒரு நிறம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சிவப்புக்கு 1, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்பு தீரும்வரை விழுந்த நிறப் பந்தை எடுத்துத் திரும்ப வைப்பார்கள். தீர்ந்த பிறகு மஞ்சளில் தொடங்கிக் கறுப்புவரை வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பையே போட்டு, கடைசி ஆறையும் முடித்தால் 147. பூல் மேசை சிறியது. வெள்ளை போக எண் போட்ட 15 பந்துகள். ஒருவருக்கு 1 முதல் 7 வரை, மற்றவருக்கு 9 முதல் 15 வரை. தன் ஏழையும் போட்ட பிறகுதான் 8-ஆம் எண் கறுப்பைப் போட வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே கறுப்பைப் போட்டவர் தோற்றவர்.

ஸ்னூக்கரை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்று சிலர் பேசுவதுண்டு. 1875-இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி இங்கேயே உருவாக்கிய ஆட்டம் அது. (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமராக இருந்த சேம்பர்லேன் வேறு ஆள்.) விதிகளை ஒழுங்காக எழுதிச் சுவரில் மாட்டியது நம் ஊட்டி கிளப்பில்.

மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. பொழுது போகப் பக்கத்து ஹாலுக்குப் போய்வருகிறேன். சங்கத்துக் கேரம் போர்டில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. இங்கே சின்னப் பையன்கள் தோற்கடிக்கிறார்கள். கேரம் கை இதற்கு உதவாதா? வலை இழுத்துக் காய்ப்பேறிய கை என்பதால்தான் வரவில்லையா?
– மீனவர், பாம்பன்

அண்ணே, கைக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்களைக் கடலுக்கு விட மாட்டார்கள். அதற்குள் இந்தப் பையன்களுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

கேரம் ஆடியவருக்குக் கோணம் தெரியும். எந்த இடத்தில் பட்டால் காய் எங்கே போகும் என்று கண் சொல்லிவிடும். அந்தக் கண் இங்கே அப்படியே உதவும். சென்னையின் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் கேரமில் உலக சாம்பியன் ஆனார். அந்த அளவுக்குக் கேரம் ஊறிய மாநிலம் நம்முடையது. ஆனால் கேரமில் கற்ற மூன்றை ஹால் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும்.

முதலாவது, வேகம். விரலால் சுண்டிய பழக்கத்தில் கியூவையும் சுண்டுகிறீர்கள். கியூ பந்தைத் தாண்டியும் சற்றுத் தூரம் நேராகப் போக வேண்டும். தட்டிவிட்டு வெடுக்கென்று பின்வாங்கக் கூடாது.

இரண்டாவது, பவுடர். பலகையில் போரிக் பவுடரைத் தூவிய கை, இங்கேயும் கியூ வழுக்க வேண்டும் என்று பவுடரைத் தேடும். மேசைத் துணியில் பவுடர் கொட்டினால் எந்த மார்க்கருக்கும் பொறுக்காது. கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு வாருங்கள், போதும். காய்ப்பேறிய கையில் கியூ நன்றாகவே ஓடும். வியர்த்த கையில்தான் ஒட்டும்.

மூன்றாவதுதான் பெரியது. கேரமில் ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு போகிறது. இங்கே பந்து உருண்டுகொண்டு போகிறது. ஒரு தடவை வெள்ளையைச் சிவப்புக்கு நேர் எதிரே வைத்து மெதுவாக அடித்துவிட்டு, சிவப்பைப் பார்க்காமல் வெள்ளையையே பாருங்கள். மோதிய கணத்தில் வெள்ளை தயங்கும், நின்றதுபோலவே தெரியும். பிறகு தன் உருளலின் மிச்சத்தில் துணியைப் பற்றிக்கொண்டு முன்னால் நகரும். குழி வாயில் கிடக்கும் சிவப்பை ஆசையோடு அடிக்கிறீர்கள். சிவப்பு விழுந்ததும் வெள்ளை அதன் பின்னாலேயே போய் விழுவது இதனால்தான். ஸ்னூக்கரில் அது ஃபவுல், எதிராளிக்கு 4 புள்ளி. பில்லியர்ட்ஸில் அதுவே சிவப்புக்கு 3, இன்-ஆஃபுக்கு 3, ஆக உங்களுக்கு 6! வெள்ளை நிற்க வேண்டுமானால் அதன் நடுவுக்குச் சற்றுக் கீழே அடியுங்கள். உருளத் தொடங்குவதற்குள் மோதிவிட்டால் நின்றுவிடும். தூரம் கூடக் கூட இன்னும் கீழே அடிக்க வேண்டியிருக்கும்.

பையன்கள் ஜெயிப்பது சிவப்பைப் போடத் தெரிந்ததால் அல்ல. வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று அவர்கள் பார்த்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் முதலில் மூன்று பந்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் உங்கள் பந்தின் போக்கை விட்டுவிட்டு ஒரு புள்ளிகூடத் தேற்ற முடியாது.

தாத்தா, நான் உயரம் குறைவு. மேசை மேல் ஏறிப் படுத்து அடிக்கலாமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், உச்சிப்புளி

உடம்பைச் சாய்த்துக்கொள்ளலாம், ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் தூக்கிவிட்டால் ஃபவுல். எட்டாத பந்துக்கு ரெஸ்ட் என்று நீளக் கோல் ஒன்று மேசையடியில் மாட்டியிருக்கும். அதன் தலையில் கியூவை வைத்து அடி. ரெஸ்ட் கேட்பது வெட்கம் என்று பெரியவர்களே நினைக்கிறார்கள், நீ நினைக்காதே.

காக்கா (அண்ணே), என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்னூக்கர் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா? ஹால்களைப் பற்றி நல்லபடியாக யாரும் சொல்வதில்லை.
– ஒரு தாய், கீழக்கரை

தங்கச்சி, ஆட்டத்தில் ஆண் பெண் பேதம் ஒன்றும் இல்லை. பளு தூக்கும் வேலையா இது? சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-இல் தோகாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் பட்டம் வென்று வந்திருக்கிறார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஹாங்காங்கின் இங் ஆன் யீ, ஏற்கெனவே உலகப் பட்டம் வாங்கியவர். மகளிடம் இதைச் சொல்லுங்கள்; அநேகமாக உங்களுக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஹாலைப் பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். முதலில் மகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாப்பாவோ மாமாவோ ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். உள்ளே சிகரெட் புகை இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிற விதி. அதையே காப்பாற்றாதவர் வேறு எதைக் காப்பாற்றப் போகிறார்? பணம் வைத்து ஆடுகிறார்களா என்றும் பாருங்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஃப்ரேம், அதாவது ஓர் ஆட்டம், முடிந்ததும் கைகள் சட்டைப் பைக்குப் போகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். இரண்டும் இல்லாத ஹாலாக இருந்தால் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கூட்டம் இருக்காது, துணிக்கும் ஓய்வு கிடைத்திருக்கும்.

உடை விஷயத்தில் விதி ஒன்றே ஒன்றுதான் சொல்கிறது: உடம்போ உடையோ பந்தில் படக் கூடாது. குனியும்போது துப்பட்டா நுனி பந்தை உரசினால் ஃபவுல். இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டைக்காரர்களுக்கும், கழுத்தில் சங்கிலி தொங்கவிடும் மாப்பிள்ளைமாருக்கும் இதே விதிதான்.

இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். பழைய முழு அளவு மேசை ஒன்று விலைக்கு வருகிறது. மொட்டை மாடியில் கூரை போட்டு, கடல் தெரிகிற மாதிரி வைத்தால் விருந்தினர்கள் விரும்புவார்கள் அல்லவா?
– வாசகர், இராமேஸ்வரம்

விரும்புவார்கள். மேசைதான் விரும்பாது.

ஐயா, முழு அளவு மேசையின் தளம் கற்பலகை, அதாவது ஸ்லேட். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல் போகும். அதைத் தாங்கும் மாடியா என்று பொறியாளரைக் கேட்காமல் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினாலும் நாலு பக்கமும் கியூவைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும்; 22 அடிக்கு 16 அடி அறை இருந்தால்தான் முழங்கை சுவரில் இடிக்காது. நடுவில் ஒரு தூண் வந்தால் அந்த மூலைப் பந்தை ஒருவரும் அடிக்க மாட்டார்கள்.

அதைவிடக் கடல்காற்றுதான் உங்களுக்குப் பெரிய எதிரி. மேசைத் துணி கம்பளி நூலில் நெய்தது, ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்து மழை பிடித்துக்கொண்டால் கையால் தடவிப் பார்த்தாலே துணி கனத்திருப்பது தெரியும். அதுவரை மேல்முனைக்குப் போய்த் திரும்பி வந்த பந்து பாதியில் நின்றுவிடும். ஆடுகிறவர் தன் கை போய்விட்டதாக நினைத்துக்கொண்டு பலத்தைக் கூட்டுவார். கிளப்பில் மழை நாட்களில் எங்கள் முதல் வேலை துணியைத் துலக்குவது. டி இருக்கும் கீழ்முனையிலிருந்து மேல்முனையை நோக்கி ஒரே திசையில் பிரஷ் போட வேண்டும், எதிர்த்திசையில் இழுக்கவே கூடாது. பிறகு அதற்கென்று இருக்கிற கனமான இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் அதே திசையில் ஓட்ட வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து துணியில் முக்கோணமாகச் சூடு போட்டுவிட்ட மகானுபாவர் ஒருவரை அறிவேன்.

மணலையும் மறக்காதீர்கள். தனுஷ்கோடி போய்வந்த கால்களோடுதான் உங்கள் விருந்தினர்கள் அறைக்குள் வருவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பருக்கை துணிக்கு வந்துவிட்டால் போதும், மெதுவாக உருளும் பந்து அந்த இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிடும். செருப்பு வெளியே, கால் துடைக்க நல்ல மிதியடி, ஆடாத நேரத்தில் மேசைக்கு மேல் உறை.

என்னைக் கேட்டால் தரைத்தளத்தில், கடலைப் பார்க்காத அறையில், ஒரு சிறிய பூல் மேசை போடுங்கள். வாங்கும்போது தளம் ஸ்லேட்டா, மரத்தூள் பலகையா என்று கேளுங்கள். பலகையானால் நம் ஊர் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். பழைய மேசையானால் குஷன் ஓரமாக ஒரு பந்தை மிக மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாமல் விலகினால் விலை பேசவே உட்காராதீர்கள். கடலை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும்.

சிவப்பை அடிக்கப் போய்த் தவறுதலாக இளஞ்சிவப்பில் பட்டுவிட்டது. எதிராளி 6 புள்ளி எழுதிக்கொண்டார். ஃபவுலுக்கு 4 என்றுதானே கேள்விப்பட்டேன்?
– வாசகர், ஏர்வாடி

அவர் எழுதியது சரி. ஸ்னூக்கரில் ஃபவுலுக்குக் குறைந்தது 4. ஆனால் அதில் சம்பந்தப்பட்ட பந்தின் மதிப்பு 4-ஐவிடக் கூடுதலாக இருந்தால் அந்த மதிப்பே தண்டம். நீலத்தைத் தொட்டிருந்தால் 5, கறுப்பானால் 7. எதிலும் படாமல் போயிருந்தால் 4-இல் தப்பியிருப்பீர்கள்.

காக்கா, துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறேன். அங்கே ரூம்காரர்களோடு ஆடிப் பழகியாயிற்று. சொந்தக் கியூ வாங்கினால்தான் ஆட்டம் முன்னேறும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கீழக்கரை

வாங்கலாம், தம்பி, ஆனால் அவசரமில்லை. ஹால் கியூவால் ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி அடிக்கப் பழகிய பிறகு வாங்கினால் எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை ஹாலில் இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். கியூவை மேசை மேல் படுக்கவைத்து உருட்டுங்கள். நுனி எழும்பி எழும்பித் தாழ்ந்தால் வளைந்துவிட்டது என்று பொருள். பிறகு நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப்பைப் பாருங்கள். தட்டையாகித் தேய்ந்து பளபளத்தால் சாக் நிற்காது. சாக் நிற்காவிட்டால் கியூ பந்திலிருந்து வழுக்கிவிடும், அந்தச் சத்தம் தெரு முனைவரை கேட்கும். டிப்பின் விளிம்பு லேசாகக் குவிந்து, சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

வாங்கியபின் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் சாய்ந்து நிற்கும் மரம் அந்தச் சாய்வையே பழகிக்கொள்ளும். படுக்கவையுங்கள், அல்லது செங்குத்தாக மாட்டுங்கள். கார் டிக்கியில் வெயிலில் போட்டுவிட்டுப் பிரியாணிக்குப் போவதும் கூடாது.

தோற்றவர்தான் மேசைக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?
– வாசகர், தங்கச்சிமடம்

விதிப் புத்தகத்தில் இல்லை, ஹால்களின் வழக்கம். தொடர்ந்து தோற்பவராக இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே "பாதி பாதி" என்று பேசிவிடுங்கள்.

ஓய்வு பெற்றவன். உடன் ஆட ஆளில்லை. தனியாகப் பழக வழியுண்டா? தவிர, யாரும் ஆடாத பில்லியர்ட்ஸை ஏன் கற்க வேண்டும் என்று என் பேரன் கேட்கிறான்.
– வாசகர், மண்டபம்

பேரனுக்கு முதலில். சுதந்திர இந்தியாவில் தனிநபர் விளையாட்டில் முதன்முதலாக உலக சாம்பியன் ஆனவர் வில்சன் ஜோன்ஸ். 1958-இல், கல்கத்தாவில். ஆட்டம் பில்லியர்ட்ஸ். 1964-இல் மறுபடியும் வென்றார். அவருக்குப் பின் மைக்கேல் ஃபெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசையாக வந்தார்கள். கீத் சேத்தி 1992 உலகத் தொழில்முறைப் போட்டியில் ஒரே முறையில் 1,276 புள்ளி எடுத்தார். அத்வானி ஸ்னூக்கரிலும் உலகப் பட்டம் வாங்கியவர். இரண்டையும் ஆடி இரண்டிலும் ஜெயிப்பவர். பேரன் ஸ்னூக்கரே ஆடட்டும். வாரத்தில் ஒரு நாள் மூன்று பந்தை வைத்து ஆடினால் வெள்ளையின் மேல் அவனுக்குப் பிடி கிடைக்கும்.

உங்களுக்கு இரண்டு பயிற்சிகள் சொல்கிறேன். இரண்டுக்கும் துணை ஆள் வேண்டாம். வெள்ளையைக் குறுக்குக் கோட்டின் நடுவில் வையுங்கள். மேசையின் நடுவே நேர்கோட்டில் நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புக்கான இடங்கள் குறித்திருக்கும். அவற்றின் மேலாகவே பந்து போய், மேல் குஷனில் மோதி, அதே வழியில் திரும்பி உங்கள் கியூ நுனிக்கு வர வேண்டும். வலப்பக்கம் விலகி வந்தால் நீங்கள் பந்தின் வலப்பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள். இடப்பக்கம் வந்தால் இடம். சுலபமாகத் தெரியும், முதல் நாள் பந்து மேசையெங்கும் ஊர்வலம் போகும்.

அது பிடிபட்டதும் சிவப்பைக் கொண்டுவாருங்கள். இரண்டு நடுக் குழிகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து டி இருக்கும் பக்கமாக ஓரளவு தள்ளி, மேசையின் நடுவாக வையுங்கள். வெள்ளையை டியில் வைத்து, அதன் மையம் சிவப்பின் விளிம்பை நோக்குமாறு அடியுங்கள். பாதிப் பந்து அடி என்பார்கள். சிவப்பு மேல் குஷன்வரை போய்த் திரும்பும். வெள்ளை விலகி நடுக் குழிக்குள் இறங்கும். குழிக்கு முன்னாலேயே குஷனில் பட்டாலோ, குழியைத் தாண்டிப் போனாலோ அடியை மாற்ற வேண்டாம். அடி பாதிப் பந்தாகவே இருக்கட்டும்; டிக்குள் வெள்ளையை வைக்கிற இடத்தை மட்டும் ஒரு விரல் அகலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப் பாருங்கள். வேகம் சரியாக இருந்தால் சிவப்பு ஏறக்குறைய கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும், நீங்கள் குழியிலிருந்து வெள்ளையை எடுத்து அடுத்த 3 புள்ளிக்குத் தயாராகலாம். மாலையில் பையன்கள் வந்து மேசையைப் பிடித்துக்கொள்வார்கள்; ஹால் திறந்ததும் போய்விடுங்கள்.